கரையிலேயே முடிக்க வேண்டியவை

ஆண்டுதோறும் துறை மலருக்கு நாம் தரும் கட்டுரையின் தலைப்பை எம் மாணவர்கள் அதனைப் படியாமலேயே சொல்லிவிடுவர். சீறாப்புராணத்தில் இயற்கை, சீறாப்புராணத்தில் உவமை, சீறாப்புராணத்தில் நகர வருணனை என்று உமறுப்புலவரை விட்டு அகலாமலேயே பல மலர்களைக் கடந்துவிட்டோம். இவ்வாண்டு மலர்க்குழுவினர் கட்டுரை கேட்டு வந்தபோது எம் மேசைமீது விரிந்து கிடந்தவை ஓர் உலகப் படமும், பாய்க்கப்பல் பந்தயம் பற்றிய சில குறிப்புத் தாள்களும் ஆகும். தமிழாசிரியர் மேசையில் இவை எதற்கு என்று அவர்கள் வாயால் கேட்கவில்லை, பார்வையால் கேட்டனர். அப்பார்வைக்கு விடையாகவே இதனை எழுதலானோம்.

எம் மகள் மேனிலைப் பள்ளி இறுதி வகுப்பில் இருந்தபோது, ஒருநாள் இரவு உணவு முடிந்தபின், "இந்தியக் கடல்சார் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு எழுதலாம் என்றிருக்கிறேன் வாப்பா. கப்பல் படிப்பு" என்றாள். வேண்டாம் என்று சொல்ல எமக்கு ஒரு நிமிடமும் பிடிக்கவில்லை. காரணம் கேட்டாள். கடல் பெண்பிள்ளைகளுக்கு உகந்த இடமன்று என்றோம். அவள் சினக்கவில்லை. "நம் பாட்டனார் தோணி ஓட்டியதை மேடைக்கு மேடை பெருமையாகச் சொல்கிறீர்கள். அது மேடைக்கு மட்டும்தானா வாப்பா?" என்று கேட்டுவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

உண்மைதான். மரக்கலம் என்னும் சொல்லோடு எம் மக்களின் பெயரை இணைத்துப் பேசாத கருத்தரங்கம் இல்லை என்னும்படி நாம் பேசியிருக்கிறோம். ஆயினும் எம் கால் கடலில் முழங்காலுக்கு மேல் நனைந்ததில்லை. இதனை இங்கு ஒப்புக்கொள்வதில் தயக்கமில்லை; எம்மிடம் பயின்ற மாணவர் பலர் இதனை முன்பே அறிந்திருப்பர்.

சில நாள்களுக்குப் பின் அவள் தன் மடிக்கணினியை எம்முன் வைத்து, "விவாதம் வேண்டாம், இதை மட்டும் பாருங்கள்" என்றாள். அது 'மெய்டன்' என்னும் ஆவணப்படம், 2018-இல் வெளிவந்தது. டிரேசி எட்வர்ட்ஸ் என்னும் ஆங்கிலேய இளம்பெண், பெண்கள் மட்டுமே கொண்ட குழுவைத் திரட்டி, 1989-90-இல் நடைபெற்ற விட்பிரெட் உலகச் சுற்றுப் பாய்க்கப்பல் பந்தயத்தில் கலந்துகொண்ட வரலாறு. மலையெனத் திரண்ட அலைகளையும் பனிக்கட்டிகளையும் காட்டி எம் அச்சத்தை மிகுவிக்கப் போகிறாள் என்றே எண்ணி அமர்ந்தோம். அலைகளும் வந்தன. எனினும் எம்மைக் கட்டிப்போட்டது அலைகளுக்கு முந்திய பகுதி. பந்தயம் தொடங்குவதற்கு முன் கரையில் நடந்த வேலை.

டிரேசி 1985-86 பந்தயத்தில் ஒரு கப்பலில் சமையற் பணியாளராகச் சென்றவர். ஆண்கள் நிறைந்த அக்கலத்தில் அடுப்படியைத் தாண்டிப் பாய்க்கயிற்றைத் தொடும் வாய்ப்பு அவருக்கு எளிதில் கிட்டவில்லை. அடுத்த பந்தயத்தில் தம் கலம், தம் குழு என்று உறுதி பூண்டார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்துகூட ஆகவில்லை. பணம் கேட்டு நிறுவனம் நிறுவனமாக எழுதினார். பெண்கள் கடலில் மாண்டால் தங்கள் பெயருக்கு இழுக்கு என்று அஞ்சிப் பலரும் ஒதுங்கினர். இறுதியில் தம் வீட்டை அடகு வைத்துப் பழைய பாய்க்கப்பல் ஒன்றை வாங்கினார். 58 அடி நீளம்; அலுமினிய உடல்; புரூஸ் ஃபார் என்னும் புகழ்பெற்ற வடிவமைப்பாளர் வரைந்தது. 1981-82 பந்தயத்தில் வேறு பெயரில் ஓடிய அக்கலம் இவர் கைக்கு வந்தபோது சிதைந்த நிலையில் இருந்தது.

அதனை இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள ஹாம்பிளுக்குக் கொண்டுவந்து உள்ளும் புறமும் உரித்தெடுத்தனர். உரித்தவர் கூலியாள்கள் அல்லர். குழுவில் சேர்ந்த பெண்களே. உடலைத் தேய்த்தனர், பழைய அறைகளைப் பெயர்த்தனர், கம்பி இழுத்தனர், வண்ணம் பூசினர். முகக்கவசமும் அழுக்கேறிய மேலாடையும் அணிந்து அவர்கள் தூசிக்குள் நிற்கும் காட்சிகளை அன்றிரவு இரண்டு முறை திரும்ப ஓட்டிப் பார்த்தோம். மகள் வியந்தாள். எமக்கோ உம்மா சொன்ன கதைகள் நினைவுக்கு வந்தன.

எம் பாட்டனார் கொழும்புக்குச் சரக்கேற்றிச் சென்ற தோணி ஒன்றில் பங்குடையவர். தாமே உடன் செல்பவர். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் தோணியைக் கரையேற்றிவிடுவர். அம்மாதங்கள் ஓய்வுக் காலம் என்று ஊரார் நினைப்பர். பாட்டனாருக்கோ ஆண்டின் கடும் உழைப்பு அப்போதுதான். பலகைக்கும் பலகைக்கும் இடையே உள்ள சந்துகளில் பழைய பஞ்சைக் கிளறி எடுத்து, புதுப் பஞ்சைத் திரித்து அடித்து இறுக்கி, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிய கூட்டை மேலே பூசுவர். கலப்பற்று என்று இதற்குப் பெயர். பாய்களை முற்றத்தில் விரித்து நைந்த இடங்களுக்கு ஒட்டுத் தைப்பர். கயிற்றை முழம் முழமாகக் கையில் உருட்டி, பிரிந்த புரி உண்டா என்று பார்ப்பர். கண்ணால் பார்ப்பதைப் பாட்டனார் நம்பமாட்டாராம். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவுவாராம். இவற்றையெல்லாம் சிறுமியாய் இருந்த உம்மா பார்த்திருக்கிறார். தைக்கும் ஊசிக்கு நூல் கோத்துக் கொடுப்பது உம்மாவின் பொறுப்பு.

ஆனால் உம்மா எப்போதும் சொல்லும் கதை, வேலை நடந்த ஆண்டுகளைப் பற்றியதன்று. நடக்காமற் போன ஓர் ஆண்டைப் பற்றியது. அவ்வாண்டு காற்று சற்று முன்னதாகவே ஓய்ந்தது. சரக்குக் காத்திருந்தது. மற்றத் தோணிகள் புறப்படுமுன் சென்றால் கூலி மிகுதி. பின்பக்கம் சுக்கானுக்கு அருகில் இரண்டு சந்துகள் மட்டும் மீதம். திரும்பி வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று பாட்டனார் சொல்லிவிட்டார். மூன்றாம் நாள் இரவு அந்த இடத்திலேயே நீர் புகுந்தது. இரவெல்லாம் இறைத்தும் மட்டம் குறையவில்லை. சரக்கில் பாதியைக் கடலில் எறிந்து தோணியை இலேசாக்கிக் கரைக்குத் திருப்பினர். ஆள் சேதம் இல்லை. கடன் இருந்தது, அதனை அடைக்க வாப்பும்மாவின் நகைகள் போயின. அதன்பின் பாட்டனார் கடலுக்குப் போகவில்லை. எம் வீட்டார் கடலை விட்ட கதை இதுதான். மேடைகளில் இப்பகுதியை நாம் சொன்னதில்லை.

மெய்டனின் கதைக்கு வருவோம். கப்பல் உருவாகிவிட்டது, கடலில் ஓட்டப் பணம் இல்லை. இங்கேதான் எம் சமுதாயப் பெரியோர் கேட்டு மகிழத்தக்க செய்தி ஒன்று உள்ளது. டிரேசி முன்னர் வாடகைப் பாய்க்கப்பல் ஒன்றில் பணி செய்தபோது, அதில் பயணம் செய்ய வந்தவர்களுள் ஜோர்தான் மன்னர் ஹுசைனும் ஒருவர். பணிப்பெண்ணாக நின்றவரிடம் பேச்சுக் கொடுத்து, அவருடைய எண்ணத்தைக் கேட்டறிந்து, கைவிடாதே என்று ஊக்கினார் மன்னர். நட்பு நீடித்தது. ஐரோப்பிய வணிகர் பலரும் கைவிரித்த வேளையில், மன்னரின் முயற்சியால் ராயல் ஜோர்தானியன் விமான நிறுவனம் அக்கலத்திற்குப் புரவலராயிற்று. மெய்டன் உலகைச் சுற்றியது அந்நிறுவனத்தின் வண்ணங்களைத் தாங்கியே. பெண்கள் கடலோடும் முயற்சியைத் தாங்கிப் பிடித்தவர் ஒரு முஸ்லிம் மன்னர் என்பதைப் படத்தில் கண்டபோது, பக்கத்தில் அமர்ந்திருந்த எம் மகள் ஒன்றும் சொல்லாமல் எம்மைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை விவரிக்க நாம் விரும்பவில்லை.

இத்தகைய பந்தயத்திற்குக் கலத்தை ஆயத்தம் செய்வதில் உள்ள நுணுக்கங்களைப் பின்னர் தேடித்தேடிப் படித்தோம். முப்பதாயிரம் கடல் மைலுக்கு மேற்பட்ட பாதை. இடையில் சில துறைமுகங்களே நிற்குமிடம். தென்கோடிக் கடலில் ஏதேனும் முறிந்தால் கொல்லனும் இல்லை, தச்சனும் இல்லை. எனவே முறியக்கூடிய ஒவ்வொன்றுக்கும் மாற்று எடுத்துச் செல்ல வேண்டும். ஆனால் எடுத்துச் செல்லும் ஒவ்வொன்றும் எடை. எடை கூடினால் வேகம் குறையும். இவ்விரண்டுக்கும் நடுவே செய்யும் கணக்கே ஆயத்தத்தின் உயிர்நாடி எனலாம். உணவை நீர் நீக்கி உலர்த்திய தூளாக எடுத்துச் செல்வர். உண்ணும்போது வெந்நீர் கலந்துகொள்வர். உடையை விரல்விட்டு எண்ணி எடுப்பர். பல் துலக்கும் தூரிகையின் கைப்பிடியை வெட்டி எடை குறைக்கும் வழக்கமும் பந்தயக்காரரிடையே உண்டு என்பதைப் படித்தபோது, தேர்வுத்தாள் கட்டோடு நான்கு பைகள் சுமந்து பேருந்தேறும் எமக்கு நாணமாக இருந்தது.

பாய்மரம் நிற்பது தன் வலிமையால் அன்று. அதனை முன்னும் பின்னும் இருமருங்கும் இழுத்துப் பிடித்திருக்கும் உருக்குக் கம்பிகளால். அக்கம்பி ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு சிறு ஆணி. அந்த ஆணி கழன்றால் கம்பி போகும். கம்பி போனால் மரம் சாயும். மரம் சாய்ந்தால் பந்தயம் முடிந்தது. ஆதலால் புறப்படுமுன் ஒருவர் மரத்தின் உச்சிவரை ஏறி ஒவ்வோர் ஆணியையும் கையால் தொட்டுப் பார்ப்பார். இதனைப் படித்தபோது கண்ணை மூடிக் கயிற்றைத் தடவிய பாட்டனார் எம் எதிரே வந்து அமர்ந்தார்.

கலத்தைவிடக் கடினமானது ஆள் சேர்த்தல். மெய்டனில் பன்னிருவர். பாய்க்கப்பல் ஓட்டத்தில் தேர்ந்த பெண்கள் பல நாடுகளிலிருந்து வந்தனர். ஆனால் திறமை மட்டும் பார்த்துச் சேர்த்த குழு அன்று அது. சமையலுக்கு வந்தவர் ஜோ கூடிங். டிரேசியின் இளமைக்காலத் தோழி. மருத்துவர் ஒருவரும் குழுவில் இருந்தார். அம்மருத்துவரின் தேவை பந்தயத்தின் இரண்டாம் கட்டத்தில் எதிர்பாராத வகையில் விளங்கிற்று. வேறொரு கப்பலில் இருவர் கடலில் வீழ்ந்தனர். இருவரையும் மீட்டெடுத்தும் ஒருவர் இறந்துவிட்டார். உயிரோடு கிடைத்தவரைக் காப்பாற்றும் வழிமுறைகளை மெய்டனின் மருத்துவர் வானொலி வழியே அக்கப்பலுக்குச் சொன்னார். தங்களுக்கென்று செய்துகொண்ட ஆயத்தம் பிறருக்குப் பயன்பட்டது.

ஆயத்தத்தின் மிகக் கசப்பான பகுதி, பந்தயத்திற்குச் சிறிது காலமே இருந்தபோது நிகழ்ந்தது. துணைத்தலைவராக இருந்த பிரெஞ்சுப் பெண்மணி பெரும் அனுபவசாலி. டிரேசியைவிட மிகுதியாகக் கடல் அறிந்தவர். இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. குழு இரண்டாகப் பிளக்கும் நிலை. டிரேசி அவரை நீக்கினார். தலைமையும் வழிகாணும் பொறுப்பும் ஒருங்கே தம் தலைமேல் விழ, உறக்கமின்றி நின்றார். நீக்கியது சரியா என்று எம்மைக் கேட்டால், படம் முடியும் வரையிலும் எமக்கு ஐயம் இருந்தது. அனுபவசாலியைக் கரையில் விட்டுவிட்டு உலகைச் சுற்றப் போவது அறிவுடைமையா? மறுநாள் இதனை உம்மாவிடம் சொன்னோம். உம்மா வெற்றிலையை மென்றபடியே, "உன் பாட்டனாரும் அப்படித்தான். தண்டலும் கலாசியும் முகம் கொடுத்துப் பேசாதவர்களாக இருந்தால், இருவரில் ஒருவரைக் கரையில் இறக்கிவிட்டுத்தான் பாய் விரிப்பார். கடலுக்குள் போய்ப் பஞ்சாயத்துப் பேச முடியுமா?" என்றார். பள்ளியில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத உம்மா, எம் ஆய்வியல் நிறைஞர் பட்டத்தைப் பலமுறை தோற்கடித்திருக்கிறார். இதுவும் அவற்றுள் ஒன்று.

1989 செப்டம்பர் 2-ஆம் நாள் சௌத்தாம்ப்டனிலிருந்து கலங்கள் புறப்பட்டன. மெய்டன் முதற் கட்டத்தைக்கூட முடிக்காது என்று செய்தியாளர் பலர் கருதினர். அவர்களுள் ஒருவர் எழுதிய இழிதொடரை இங்கே எடுத்தெழுத எம் பேனா கூசுகிறது. பின்னர் அவர் தம் தொடரை மாற்றிக்கொண்டார். மாற்றியதும் அத்துணைச் சிறப்புடையதாக இல்லை. உருகுவே நாட்டிலிருந்து ஆஸ்திரேலியாவின் ஃபிரீமாண்டில் வரை ஏழாயிரம் கடல் மைலுக்கு மேற்பட்ட, மிகக் கொடிய இரண்டாம் கட்டத்தில் மெய்டன் தன் பிரிவில் முதலாவதாக வந்தது. ஆக்லாந்து வரையிலான மூன்றாம் கட்டத்திலும் அவ்வாறே. நான்காம் கட்டத்தில் கலத்துள் நீர் புகுந்து காலம் இழந்தனர். 1990 மே மாதம் சௌத்தாம்ப்டன் திரும்பியபோது பிரிவில் இரண்டாம் இடம். பிரித்தானியாவில் ஆண்டின் சிறந்த பாய்க்கப்பல் வீரருக்கு அளிக்கப்படும் விருது, முதன்முறையாக ஒரு பெண்ணுக்கு, டிரேசிக்கு, வழங்கப்பெற்றது.

கதை அத்துடன் முடிந்திருந்தால் ஒருவேளை நாம் மறந்திருப்போம். கடன் சுமையால் விற்கப்பட்ட மெய்டன் கை மாறிக் கை மாறி, 2014-இல் சீசெல்சு தீவுகளில் கேட்பாரற்றுக் கிடப்பதாக டிரேசிக்குத் தெரியவந்தது. மீட்டு இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். அதே ஹாம்பிளில் மறுபடியும் உரித்தல், தேய்த்தல், பூசுதல். இம்முறை உதவியவர் மறைந்த மன்னர் ஹுசைனின் மகளார் ஹயா. பெண்குழந்தைகளின் கல்விக்கு நிதி திரட்டும் கலமாக 2018-இல் அது மீண்டும் உலகப் பயணம் புறப்பட்டது. பின் 2023 செப்டம்பரில் தொடங்கிய 'ஓஷன் குளோப்' பந்தயத்தில் கலந்துகொண்டது. அப்பந்தயத்தின் விதிகள் பழங்காலத்தை மீட்பவை. செயற்கைக்கோள் வழிகாட்டி கூடாது. கதிரவனையும் விண்மீன்களையும் கருவியால் அளந்து, தாள் வரைபடத்தில் குறித்தே வழி காண வேண்டும். ஹெதர் தாமஸ் தலைமையில் மீண்டும் பெண்கள் மட்டுமே கொண்ட குழு. 2024 ஏப்ரலில் முடிவு வெளியானபோது, கலங்களின் தகுதிக்கேற்ப நேரம் கணக்கிடும் முறைப்படி மெய்டன் முதலிடம் பெற்றது. உலகைச் சுற்றும் பந்தயம் ஒன்றில் பெண்கள் மட்டுமே கொண்ட குழு வென்றது அதுவே முதன்முறை.

அக்குழுவில் பாயல் குப்தா என்னும் இந்தியப் பெண்மணியும் ஒருவர். நம் கடற்படையில் அதிகாரியாக இருந்தவர். முன்னரே 'தாரிணி' என்னும் பாய்க்கப்பலில் உலகைச் சுற்றியவர். கோவாவில் கட்டப்பட்ட 55 அடிக் கலம் அது. 2017 செப்டம்பர் 10-ஆம் நாள் வர்த்திகா ஜோஷி தலைமையில் ஆறு பெண் அதிகாரிகள் அதில் கோவாவிலிருந்து புறப்பட்டு, 2018 மே 21-ஆம் நாள் திரும்பினர். அது பந்தயம் அன்று. எனினும் ஆயத்தம் குறைவானதன்று. 2009-10-இல் தனியொருவராக உலகைச் சுற்றிய முதல் இந்தியர் திலீப் தோண்டே அவர்களுக்குப் பயிற்சி அளித்தார். அவர் சென்ற 'மாதேய்' என்னும் கலத்திலேயே அப்பெண்கள் மொரீஷியசுக்கும் கேப்டவுனுக்கும் ஓடிப் பழகினர். இத்தனைக்குப் பின்னும் திரும்பும் வழியில் திசைதிருப்பும் பொறி பழுதுபட்டு, திட்டத்தில் இல்லாத மொரீஷியசில் ஒதுங்க நேர்ந்தது. ஒதுங்கினர், பழுது நீக்கினர், தொடர்ந்தனர். பாட்டனாரின் பின்பக்கச் சந்து இரண்டும் எமக்கு மறுபடியும் நினைவில் வந்தன. ஆயத்தம் செய்தவருக்கும் பழுது வரும் என்பது எமக்குப் புதிய செய்தி. உம்மாவின் கதையை இத்தனை ஆண்டுகள் நாம் வேறு வகையாகப் பொருள் கொண்டிருந்தோம். கடல் பொல்லாதது என்று.

ஒருநாள் மாலை மகளை அழைத்து, "நீ என்ன ஆயத்தம் செய்திருக்கிறாய்?" என்று கேட்டோம். தேர்வுக்கு முன் மாணவரைக் கேட்கும் குரலிலேயே கேட்டுவிட்டோம் என்பது கேட்ட பின்னரே தெரிந்தது. அவள் உள்ளே சென்று ஒரு குறிப்பேட்டைக் கொண்டுவந்தாள். முதற் பக்கத்தில் நுழைவுத் தேர்வின் பாடங்கள். அடுத்த பக்கத்தில் உடல் தகுதிச் சோதனை: கண் பார்வை, நிறம் பிரித்தறிதல். அதனைத் தன் தோழியின் அண்ணன் பணி செய்யும் கண் மருத்துவமனையில் முன்பே செய்துகொண்டிருந்தாள். இரண்டும் சரியாக இருந்தன. கப்பற் பணியில் இருக்கும் பெண்கள் பற்றிய செய்திகள் சில. படிப்புச் செலவு, ஆண்டு வாரியாக. விடுதிச் செலவு. கடன் வாங்கினால் திருப்பும் கணக்கு. வட்டியில்லாக் கல்வி உதவி தரும் அறக்கட்டளைகளுக்குத் தனிப்பக்கம். கடைசியில் "குறைகள்" என்று தலைப்பிட்டு இரண்டே வரிகள். முதல் வரி: நீச்சல் தெரியாது. இரண்டாம் வரி: வாப்பா சம்மதம் இல்லை.

நாம் அந்த ஏட்டை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தோம். வேண்டாம் என்று ஒரு நிமிடத்தில் சொன்ன நாம் அதற்கு முன் எதையும் விசாரித்தவர் அல்லர். யாரிடமும் கேட்டவர் அல்லர். சந்தில் பஞ்சு இல்லாமல் புறப்பட்டவர் யார் என்று அவ்வேளையில் எமக்கு விளங்கிற்று.

சுற்றத்தாருள் மூத்தோர் சிலர் இதற்கு இணங்கவில்லை. அவர்கள் அன்பினால் அஞ்சுகிறார்கள் என்பதை அறிவோம், நாமும் அஞ்சுகிறோம். என் செல்வமே, இது தேவைதானா என்று எம் மனைவியார் இன்றும் மகளைக் கேட்கிறார். உம்மா மட்டும் மறுநாள் தம் பழைய பெட்டியைத் திறந்து, துணியில் சுற்றிய ஒன்றை எடுத்துப் பேத்தியின் கையில் வைத்தார். பாய் தைக்கும் ஊசி. துரு ஏறி, முனை மழுங்கியது. இதனால் எதையும் தைக்க முடியாது என்று நாம் சொன்னோம். "தைக்கவா கொடுத்தேன்?" என்றார் உம்மா.

குறைகளில் இரண்டாம் வரியை அவளே கோடிட்டு அடித்துவிட்டாள். முதல் வரிக்காகப் பெண் பயிற்றுநர் ஒருவரைத் தேடி மூன்று வாரம் அலைந்தோம். எம் ஊரில் கிடைக்கவில்லை. பேருந்தில் ஒரு மணி நேரம் செல்ல வேண்டிய ஊரில் கிடைத்தார். சனிக்கிழமைகளிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் வைகறைத் தொழுகை முடிந்ததும் புறப்பட்டுவிடுகிறோம். நீச்சற் குளத்தின் பெண்கள் பகுதிக்கு வெளியே ஒரு வேப்ப மரம் இருக்கிறது. அதன் அடியில் அமர்ந்துதான் இக்கட்டுரையை எழுதி முடித்தோம். இன்று அவள் குளத்தின் அகலத்தை முதன்முறையாக நிற்காமல் கடந்தாளாம். நீளம் இன்னும் பாக்கி.